ஷீலா உட்கார வைத்த பக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்தும் முடியாததுமாக ஷீலாவின் கைபேசி அடிக்க ஆரம்பித்துவிடும். "அக்கா, வேன் எங்க நிக்குது?" "அக்கா, என் நாத்தனாரையும் கூட்டிட்டு வரட்டா?" "அக்கா, இன்னைக்கு என்ன தலைப்பு? அழணுமா, சண்டை போடணுமா?"

டிவி விவாத நிகழ்ச்சிக்கு ஆட்களைக் கூட்டிப்போவதுதான் அவள் வேலை. பீர்க்கன்காரணையில் வீடு. பல வருஷம் மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவியாக இருந்ததில், பெருங்களத்தூர் சுற்றுவட்டாரத்தில் அவளுக்குத் தெரியாத பெண்கள் இல்லை. அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் யாரோ அவளிடம் "டிவிக்கு ஒரு வேன் ஆளுங்க கிடைப்பாங்களா?" என்று கேட்டார்கள். கிடைத்தார்கள். அதன்பிறகு மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் வேன் போனது.

படப்பிடிப்பு நடந்தது திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில், காலியாகக் கிடந்த ஒரு ஷெட்டில். உள்ளே கண்ணைப் பறிக்கும் விளக்கு, இரண்டு பக்கமும் படிப்படியாக இருக்கை, நடுவே தொகுப்பாளர் நடந்து வர ஒரு பாதை. பக்கத்து ஷெட்டில் தகடு அடிக்கும் பிரஸ் ஓட ஆரம்பித்தால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் தலையெழுத்தைப் பற்றி ஆவேசமாகக் கத்திக்கொண்டிருந்தவர்கள் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, பிரஸ் ஓய்ந்ததும் அதே ஆவேசத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

யார் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதை ஷீலாதான் முடிவு செய்வாள். அதற்கு அவள் யாருடைய கருத்தையும் கேட்டதில்லை. பச்சைப் புடவைக்குப் பக்கத்தில் பச்சைப் புடவை வரக்கூடாது. உயரமானவர்கள் பின்னால். வாயாடிகளைப் பிரித்துப் போட வேண்டும். "எனக்கு அந்தப் பக்கந்தான்க்கா சரின்னு படுது" என்று யாராவது சொன்னால், "அங்க எடம் இல்ல, இங்கயே பேசு" என்பாள். அவர்களும் பேசுவார்கள். மருமகள் கொடுமை, மாமியார் கொடுமை, தனிக்குடித்தனம், தங்க நகை, எதற்கும் இரண்டு பக்கமும் தீப்பொறி பறக்கும். முடிந்ததும் பிரியாணிப் பொட்டலத்தையும் பேட்டாவையும் வாங்கிக்கொண்டு வேனில் ஏறி, இப்போதுதான் அடித்துக்கொண்டவள் தோளிலேயே சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவார்கள். இதனால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது என்று ஷீலா நினைத்தாள். கணவன் ஆபேல்தான் அவ்வப்போது கேட்பான்: "ஏன்டி, பொய்ச் சண்டைக்கு ஆள் பிடிக்கிறியே, ஒரு நாள் நெஜமா அடிச்சிக்கிட்டா?"

"அடிச்சிக்கிட்டா அன்னைக்கு ரெண்டு பொட்டலம் பிரியாணி" என்று சிரிப்பாள்.

தேர்தல் வர இன்னும் சில மாதங்கள் இருந்தன. மாமியார் மருமகள் தலைப்புகள் எல்லாம் போய், வாரா வாரம் அரசியலாக வர ஆரம்பித்தது. அந்த ஞாயிறு தலைப்பு: இலவசம் வேண்டுமா, வேண்டாமா.

பெருங்களத்தூர் மார்க்கெட்டில் மீன் விற்கும் செல்வம்மாளும், அவளுக்கு அடுத்த கடை மஹாலட்சுமியும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வேனில் ஏறினார்கள். செல்வம்மாள் கோவளத்துக்காரி. விடியற்காலையில் கூடையோடு பஸ் பிடித்து வருவாள். மஹாலட்சுமி மாங்காய், எலுமிச்சை, கொத்தமல்லி, புளி விற்பவள். சங்கராவோ வஞ்சிரமோ வாங்கியவர்கள் அப்படியே திரும்பி மஹாலட்சுமியிடம் மாங்காய் வாங்குவார்கள். இவள் டீ குடிக்கப் போனால் அவள் கடையைப் பார்ப்பாள், அவள் கோயிலுக்குப் போனால் இவள் எலுமிச்சை விற்பாள். வருஷக்கணக்கில் அப்படி.

ஷீலா இருவரையும் 'வேண்டும்' பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். தயாரிப்பாளர் ஸ்ரீநிவாசன் வந்து எதிர்ப் பக்கத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். முப்பது வயதுகூட இருக்காது. ஆனாலும் ஷீலா அவனை 'சார்' என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, வேண்டாம் சைடுல எல்லாரும் பேங்க் மேனேஜர் மாதிரி இருக்காங்க. முன்வரிசைல ஒரு ஏழை முகம் வேணும். அந்த மீன்காரம்மாவ இங்க மாத்துங்க."

"யம்மா, அங்க போயி நான் இன்னா பேசுறது? எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்றாள் செல்வம்மாள்.

"நீங்க பேசவே வேணாம்க்கா. சும்மா உக்காருங்க. யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள் ஷீலா.

செல்வம்மாள் மஹாலட்சுமியைப் பார்த்துச் சிரித்துவிட்டு எதிர்ப் பக்கம் போய் உட்கார்ந்தாள். மஹாலட்சுமி அங்கிருந்து கையை ஆட்டினாள்.

முதல் பத்து நிமிஷத்திலேயே தொகுப்பாளர் நேராகச் செல்வம்மாளிடம் வந்து மைக்கை நீட்டினார். "அம்மா, நீங்க மீன் வித்துப் பொழைக்கிறவங்க. உங்களுக்குக்கூட இலவசம் வேண்டாமா?"

செல்வம்மாள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இன்னா சொல்றது சார். பஸ்ல ஏறுனா, நின்னுகினு வர்ற ஆம்பளைங்க பேசுற பேச்சு கீதே! 'ஓசில வர்ற, கூடைய வேற தூக்கினு வந்து நாறடிக்கிற'ன்றாங்க. அந்தப் பேச்சு வாங்கினு வர்ற ஓசி எனக்கு இன்னாத்துக்கு?"

அவள் சொன்னது பஸ்ஸில் வரும் ஆண்களின் வாய்க்கொழுப்பைப் பற்றி. அது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது. தொகுப்பாளருக்கும் விளங்கியிருக்கும். அவர் கேமரா பக்கம் திரும்பி, "கேட்டீங்களா! ஒரு ஏழைத் தாய் சொல்றாங்க, எனக்கு இலவசம் வேண்டாம், தன்மானம்தான் வேணும்!" என்று முழங்கினார். அந்தப் பக்கம் முழுவதும் எழுந்து கைதட்டியது. தனக்காக இத்தனை பேர் கைதட்டி செல்வம்மாள் பார்த்ததில்லை. அவள் முதுகு நிமிர்ந்ததை ஷீலா பார்த்தாள்.

அதற்குள் ஸ்ரீநிவாசன் குனிந்தபடி ஓடிப்போய் மஹாலட்சுமியின் காதில் ஏதோ சொன்னான். மைக் அவள் கைக்குப் போனது. "எனக்கு அந்த அக்காவத் தெரியும் சார்" என்று சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். "தெனமும் ஓசி பஸ்லதான் வருது. இங்க வந்து வேணாம்ங்குது. அப்ப நாளைலேருந்து டிக்கெட் எடுத்து வரச் சொல்லுங்க!"

இந்தப் பக்கம் சிரிப்பும் விசிலுமாக அதிர்ந்தது. மார்க்கெட்டில் சொல்லியிருந்தால் செல்வம்மாளும் சேர்ந்து சிரித்திருப்பாள். இங்கே, அத்தனை விளக்குக்கு நடுவில், ஒரு நிமிஷம் முன்னால் கைதட்டல் வாங்கியவளுக்கு முகம் கறுத்துவிட்டது.

"நீ பேசாதடி! உம் புள்ளைக்குக் கவர்மெண்டு குடுத்த லேப்டாப்ப வித்துத் தின்னவதானே நீ?"

தொகுப்பாளர் மெதுவாக மஹாலட்சுமியை நோக்கி நடந்தார். "என்னம்மா... லேப்டாப்ப வித்தீங்களா?" கேமரா அவள் முகத்துக்குக் கிட்டே போனது. மஹாலட்சுமி உட்கார்ந்துவிட்டாள்.

விற்றது உண்மைதான். அவள் கணவன் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில், பிள்ளை விக்கியே அதை எடுத்துக்கொண்டுபோய் விற்றுவிட்டு வந்தான். கணவன் பிழைக்கவில்லை. பிள்ளை படிப்புக்கு வந்த பொருளைத் தின்றுவிட்டோமே என்று அவள் அழுதது உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான்.

வேனில் அன்றைக்கு யாரும் தூங்கவில்லை.

வியாழக்கிழமை அந்த வீடியோத் துண்டு வெளிவந்தது. 'ஓசி வேண்டாம்! தெறிக்கவிட்ட மீன்காரம்மா!' என்று ஒரு சேனலில். 'இலவச பஸ்ஸில் வந்து இலவசத்தைத் திட்டும் நன்றி கெட்டவர்' என்று இன்னொன்றில். 'லேப்டாப்பை விற்ற தாய்' என்று தனியாக ஒன்று, பின்னணியில் சோக இசையோடு. பேருந்தில், வாட்ஸ்அப்பில், டீக்கடையில், அந்த இரண்டு பெண்களைப் பற்றி எதுவுமே தெரியாதவர்கள் எல்லாம் தெரிந்தமாதிரி பேசினார்கள். ஒரு கட்சிக்காரர்கள் மார்க்கெட்டுக்கு வந்து செல்வம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மறுநாளே இன்னொரு கட்சிக்காரர்கள் மஹாலட்சுமிக்குப் போர்த்தினார்கள். ரங்கன் என்கிற வட்டச் செயலாளர் ஒருவர் 'தன்மானத் தாயே' என்று செல்வம்மாள் படத்தோடு மீன்கடைக்கு மேலே ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார். அதன் நிழல் சரியாக மஹாலட்சுமியின் கொத்தமல்லிமேல் விழுந்தது.

மார்க்கெட்டும் பிரிந்தது. மீன் வாங்கினவர்களிடம் செல்வம்மாள், "மாங்கா அங்க வாங்காத, தாம்பரத்துல வாங்கிக்க" என்றாள். மஹாலட்சுமி, "அழுகுன மீன்" என்றாள். வாடிக்கையாளர்களோ எந்தக் கடையில் வாங்கினால் எந்தக் கட்சி என்று ஆகிவிடுமோ என்று இரண்டையும் தாண்டிப்போனார்கள்.

விக்கி வண்டலூர்ப் பக்கம் ஒரு கார் ஷோரூமில் வேலை பார்த்தான். அங்கே பையன்கள் அவனை 'லேப்டாப்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் அம்மாவிடம் பேச்சை நிறுத்தினான்.

ஷீலா மார்க்கெட்டுக்குப் போனாள். செல்வம்மாள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மன்றாடினாள். "அக்கா, உங்கள அந்தப் பக்கம் உக்கார வச்சது நான். அந்த சார் மாத்தச் சொன்னாரு, வச்சேன். அவ்வளவுதான். உங்களுக்கு இலவசம் வேணாம்னு நீங்க என்னைக்கு நெனச்சீங்க?"

செல்வம்மாள் மீனின் செதிலைச் சீவிக்கொண்டே சொன்னாள்: "நீ உக்கார வச்ச, செரி. நான் பேசுனது நெசந்தானே? ஊரே கை தட்டுச்சே, சும்மாவா தட்டுச்சு?"

"இப்பவும் அந்த பஸ்லதானேக்கா வர்றீங்க?"

"அது வேற, இது வேற."

மஹாலட்சுமியிடம் போனால் அவளும் அதே கதை. "எங்க கட்சி ஆளுங்க சொல்லிட்டாங்க ஷீலாக்கா, எதுக்கும் விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு."

"உங்க கட்சியா? போன மாசம் வரைக்கும் உனக்குக் கட்சி கிடையாதேடி!"

ஷீலாவுக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. வீட்டுக்கு வந்தால் அவள் அண்ணன் போன் செய்து, "நீ எந்தக் கட்சிக்கு ஆள் பிடிக்கிற? உண்மையச் சொல்லு" என்றான். புடவை நிறம் பார்த்துத்தான் ஆட்களை உட்கார வைக்கிறேன் என்று அவள் குடும்பக் குழுவில் ஒரு நீண்ட குரல்பதிவு போட்டாள். அதைக் கேட்டுவிட்டு ஒரு சித்தப்பா, "அப்ப நீ அந்தக் கட்சிதான்" என்றார். இன்னொரு அத்தை, "நீ இந்தக் கட்சின்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். ஆபேல் போனை அவள் கையிலிருந்து பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

கடைசியில் ஸ்ரீநிவாசனிடமே போய் நின்றாள். "சார், அந்த லேப்டாப் துண்ட மட்டும் எடுத்துடுங்க. ஒரு பையன் அம்மாகூடப் பேச மாட்டேங்குறான்."

ஸ்ரீநிவாசன் கைபேசியில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று காட்டினான், ஏதோ பிறந்த குழந்தையின் படத்தைக் காட்டுவதுபோல. பிறகு யோசித்துவிட்டுச் சொன்னான்: "ரெண்டு பேரையும் திரும்பக் கூட்டிட்டு வாங்கக்கா. பொங்கல் ஸ்பெஷல். நாங்களே சமாதானம் பண்ணி வைக்கிறோம். அப்புறம் பழசு எதுக்கு? எடுத்துடலாம்."

அந்த ஒரு வார்த்தையை நம்பி ஷீலா இரண்டு பேரின் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சினாள். வந்தால் அந்த வீடியோ போய்விடும் என்றதும் மஹாலட்சுமி ஒப்புக்கொண்டாள். அவள் வருகிறாள் என்றதும், "நான் இன்னா பயந்தவளா?" என்று செல்வம்மாளும் வந்தாள். வேனில் ஒருத்தி முன் இருக்கை, இன்னொருத்தி கடைசி இருக்கை. நடுவில் ஷீலாவும் மற்றவர்களும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் எல்லாம் அன்றைக்கென்று ஜிஎஸ்டி சாலையில் இறங்கியிருந்தார்கள். வண்டலூர் போய் வெளிவட்டச் சாலை ஏற வேண்டும். பெருங்களத்தூரை விட்டு நகரவே இல்லை வேன். முன்னால் ஆம்னி பஸ், பின்னால் ஆம்னி பஸ், பக்கத்தில் தலையில் கரும்பு கட்டிய கார். ஏசி நின்றுபோனது. ஸ்ரீநிவாசன் போன் மேல் போன் போட்டான்.

செல்வம்மாள் நெளிய ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, "யம்மா ஷீலா, ஒண்ணுக்குப் போவணும். முடியல" என்றாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு. ஷீலா அப்போது ஸ்ரீநிவாசனோடு போனில் கத்திக்கொண்டிருந்தாள். கடைசி இருக்கையிலிருந்து மஹாலட்சுமி எழுந்து வந்தாள். கதவைத் திறந்து இறங்கி, செல்வம்மாளின் கையைப் பிடித்து இறக்கி, வண்டிகளுக்கு நடுவே நுழைந்து எதிரே இருந்த பெட்ரோல் பங்க்குக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வெளியே ஆம்பளைகள் வரிசை. மஹாலட்சுமி கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருவன் "சீக்கிரம் வரச் சொல்லும்மா" என்றபோது, "வருவாங்க, நில்லுய்யா" என்று அதட்டினாள்.

தேடிக்கொண்டு வந்த ஷீலா அந்தக் கதவருகே போகாமல் டயருக்குக் காற்றடிக்கும் இடத்திலேயே நின்றுவிட்டாள். செல்வம்மாள் வெளியே வந்து முந்தானையில் கையைத் துடைத்தாள். இருவரும் வேன் இருக்கும் பக்கமே பார்க்கவில்லை.

"விக்கி சாப்புடுறானா?" என்றாள் செல்வம்மாள்.

"வெளில சாப்புடுறான். என் கையால வாங்க மாட்டேங்குறான்."

"கூட்டத்துல அந்தப் பேச்ச நான் எடுத்திருக்கக் கூடாது மஹா. எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல. கை தட்டுனாங்களா, மண்டைல ஏறிடுச்சு."

மஹாலட்சுமி அழுதாள். சமாதானமான அழுகை இல்லை அது. "உங்கிட்டதானே சொன்னேன், உங்கிட்ட மட்டுந்தானே சொன்னேன்" என்று செல்வம்மாளின் தோளில் குத்திக் குத்தி அழுதாள். செல்வம்மாள் வாங்கிக்கொண்டு நின்றாள். வேனுக்குத் திரும்பியபோது இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

ஷெட்டுக்குப் போய்ச் சேர மதியம் தாண்டிவிட்டது. தொகுப்பாளர் என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். "அன்னைக்கு அவங்க சொன்னது உங்கள எவ்வளவு காயப்படுத்துச்சு?" என்றார். "இப்பவும் இலவசம் வேண்டாம்னு சொல்றீங்களா?" என்றார். செல்வம்மாள், "தம்பி, எங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல. நீ அந்த வீடியோவ எடுத்துடு, நாங்க போறோம்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். ஒரு கட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஸ்ரீநிவாசன் நெற்றியில் அடித்துக்கொண்டான். ஷீலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆபேலுக்குப் போன் செய்து, "முடிஞ்சுதுங்க" என்றாள்.

முடியவில்லை. பொங்கலன்று ஒளிபரப்பானதைப் பார்த்து அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். செல்வம்மாள் கண்ணைத் துடைப்பதை எடுத்து, அதற்கு அடுத்து முதல் நிகழ்ச்சியில் மஹாலட்சுமி கோபமாகப் பார்த்த பார்வையை ஒட்டியிருந்தார்கள். 'கதறிய மீன்காரம்மா! மனமிரங்காத மஹாலட்சுமி!' பழைய துண்டையும் நீக்கவில்லை. புதுசில் முழுசாக இன்னொரு தடவை போட்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு ஷீலா வேனோடு போனாள். எல்லோரையும் இரண்டு பக்கமும் உட்கார வைத்தாள். தொகுப்பாளர் மேக்கப்போடு வந்து நின்றதும் நடுப் பாதையில் போய் நின்று, "எல்லாரும் எந்திரிங்க. வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

யாரும் அசையவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "பிரியாணி வந்துடுச்சாக்கா?" என்றாள்.

"பிரியாணி கெடயாது. இவங்க நம்மள அடிச்சிக்க வச்சு வேடிக்கை காட்டுறாங்க. வாங்கன்னு சொல்றேன்ல!"

"அதான் தெரியுமேக்கா" என்றாள் இன்னொருத்தி, நிஜமான ஆச்சரியத்தோடு. "அதுக்குத்தானே வர்றோம்?"

பாதிப் பேருக்கும் குறைவாகத்தான் எழுந்து வந்தார்கள். மிச்சம் இருந்தவர்களைப் பரவலாக உட்கார வைத்துக்கொண்டு, ஸ்ரீநிவாசன் படப்பிடிப்பை நடத்தி முடித்துவிட்டான். ஷீலா கத்தியதையும் ஒரு கேமரா எடுத்திருந்தது. 'அரங்கில் பரபரப்பு' என்று அதுவும் வந்தது.

செல்வம்மாளும் மஹாலட்சுமியும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். முன்புபோல என்று சொல்ல முடியாது. சிரிப்பதற்கு முன்னால் ஒரு சின்னத் தயக்கம் இருக்கிறது. அவர்கள் சேர்ந்ததில் மார்க்கெட்டில் பாதிப் பேருக்குக் கோபம். ரங்கன் வந்து, "அவங்க உன்ன வெலைக்கு வாங்கிட்டாங்களாம்மா?" என்று கேட்டார். செல்வம்மாள் அவருக்கு நேராகவே மீன் கழுவின தண்ணீரைக் கொட்டினாள். அவர் ஃப்ளெக்ஸைக் கழற்றிக்கொண்டு போனார். விக்கி வேலையை மாற்றிக்கொண்டான். அம்மா போட்டால் சாப்பிடுகிறான். அதிகம் பேசுவதில்லை. அந்த வீடியோ இன்னும் இருக்கிறது.

ஷீலா பெருங்களத்தூரில் ஒரு புது அடுக்குமாடிக் குடியிருப்பில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். தண்ணீர் லாரி, லிஃப்ட், குப்பை. போன மாதம் அவள் மோட்டார் அறையில் நின்றுகொண்டிருந்தபோது ஸ்ரீநிவாசன் கூப்பிட்டான்.

"அக்கா, கோவம்லாம் விடுங்க. இந்த வாரம் செம தலைப்பு. டிவி விவாதங்கள் மக்களைப் பிரிக்கின்றனவா, இல்லையா. 'பிரிக்கின்றன' பக்கம் முன்வரிசைல ஒரு எடம் காலியா இருக்கு. உங்களவிட்டா யாரு இருக்கா?"

ஷீலா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கோர்வையாக, சூடாக, எத்தனையோ மாதமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இதையும் பதிவு செய்துகொண்டிருப்பானோ என்று அப்போதுதான் தோன்றியது. "தண்ணி நிறைஞ்சிடுச்சு சார், மோட்டார நிறுத்தணும்" என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தாள். மூன்றாவது மாடிக்காரர் வாசலில் நின்று, தொட்டி வழிகிறது என்று கத்திக்கொண்டிருந்தார்.